வசந்தமலர் தேடிய பெயர்கள்

வசந்தமலருக்கு முப்பத்தேழு வயதானபோது ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் உள்ள மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் கட்டடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முன்னோர் பெயர்களை எழுத நான்கு தலைமுறைக்குக் கட்டம் போட்ட தாள் அது. அவர் தன் பெயர், அப்பா சின்னச்சாமி, அம்மா அங்கம்மா என்று மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டுப் பேனாவை மூடிவைத்தார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த லோசா. சமோவாப் பெண்மணி. இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தார்கள். லோசாவுக்குத் தன் முன்னோரில் பதினொரு தலைமுறை மனப்பாடம்.

"அவ்வளவுதான்" என்றார் வசந்தமலர். "எங்களுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை."

அவர் பிறந்தது 1969இல், மாத்தளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஒரே அக்கா மரகதம், பத்து வயது மூத்தவர். மரகதத்தைக் கட்டிக்கொண்டவரின் குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்ததால், 1977 தொடக்கத்தில் அவர்களைக் கப்பலேற்றி ராமேஸ்வரத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரம். லயத்துக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்பியவர்கள் வவுனியாவுக்கு ஓடினார்கள். அக்கா எழுதிய கடிதங்கள் எரிந்த வீட்டு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். அக்காவின் முகவரியும் தீயோடு போயிற்று.

அப்பாவும் அம்மாவும் வவுனியாவிலேயே இறந்தார்கள். தையல் கடையில் வேலை பார்த்த வசந்தமலரை, லாரி ஓட்டிய யாழ்ப்பாணத்துச் சபாரத்தினம் விரும்பிக் கட்டிக்கொண்டார். 1996இல் இருவரும் அகதிகளாக ஆக்லாந்து வந்தார்கள். அங்கே மவுண்ட் ரோஸ்கில்லில் சபாரத்தினத்தின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். விசேஷ வீடுகளில் யாராவது "பிள்ளையின்ர ஆக்கள் எந்த ஊர்?" என்று கேட்பார்கள். மாத்தளைத் தோட்டம் என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடும்; தோட்டத்து ஆட்கள் அவர்களுக்கு ஒரு படி கீழே. கேட்டவர் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவார்.

வசந்தமலருக்கு 2004இல் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வாரம் லோசாவும் சபைப் பெண்களும் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். மாட்டிறைச்சி ஆகாது என்று ஒரு தடவை சொன்னதுதான். அதன்பின் எல்லாம் கோழியும் மீனும். அப்படித்தான் அவர் அந்தச் சபைக்குப் போக ஆரம்பித்தார். குடும்பம் சாவோடு முடிந்துபோவதில்லை என்று அங்கே சொன்னார்கள். வசந்தமலர் அதை உடனே நம்பினார். அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் எடுத்தார்.

"நான் உள்ளுக்கு வரமாட்டன். கொண்டுபோய் விடுறன், அவ்வளவுதான்" என்றார் சபாரத்தினம். பத்தொன்பது ஆண்டு அப்படியே செய்தார். ஞாயிறுதோறும் காருக்குள் இருந்து தமிழ் வானொலி கேட்பார்.

மூன்று கட்டம் போக வெறுமையாய்க் கிடந்த அந்தத் தாள் வசந்தமலரை விடவில்லை. தோட்டத்துக்குக் கடிதம் போட்டார். பழைய பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், மறுபடி அதே பதில். 2015இல் நேரிலேயே போய் நின்றார். மூன்றாம் நாள் ஒரு கிளார்க் மனமிரங்கிப் பின்னறை அலமாரியைத் திறந்துவிட்டார். பூச்சி அரித்த பிறப்புப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் இருந்தது. தகப்பன் கருப்பண்ணன், முசிறி தாலுகா. வசந்தமலர் அந்த அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அக்காவைத் தேடினார். தாயகம் திரும்பிய தோட்ட மக்கள் நீலகிரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஃபேஸ்புக் குழுவில் 2019இல் எழுதினார்: 'சின்னச்சாமி, அங்கம்மா மகள் மரகதத்தைத் தேடுகிறேன்.' நான்கு ஆண்டு பதிலே இல்லை. 2023இல் ஒரு நாள், மதிய இடைவேளையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் வித்தியா என்ற நர்ஸ். 'எங்க அம்மா பேரு மரகதம். நீங்க யாருங்க?'

உடனே பேசிய வீடியோ அழைப்பில் நரைத்த தலையோடு ஒரு முகம் வந்தது. நம்பாமல் பார்த்தது.

"அம்மா உன்ன என்னான்னு கூப்புடும், சொல்லு" என்றது.

"பூச்சி" என்றார் வசந்தமலர்.

"அடியே பூச்சி!" என்று அந்த முகம் அலறிய அலறலில், அடுத்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லோசா எழுந்து ஓடிவந்தார்.

மறு ஆண்டு மார்ச்சில் மரகதம் ஆக்லாந்தில் வந்து இறங்கினார். தகனினிப் பகுதியில் தங்கை வாங்கியிருந்த வீட்டை அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு கிலோ தேயிலையை எடுத்து நீட்டினார். கோத்தகிரித் தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர் அவர்.

"அக்கா, நான் டீ குடிக்கிறதில்ல. சபையில வேணாம்னு சொல்லியிருக்காங்க."

மரகதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல சபைதான்டி! இதப் பறிச்சே நம்ம சனம் முதுகொடிஞ்சு போச்சு. நீயாச்சும் குடிக்காம இரு. மாப்ள, நீங்க?"

"எனக்கு ரெண்டு கப் போடுங்கோ அக்கா" என்றார் சபாரத்தினம்.

ஒரு வாரம் கழித்து, அப்பா அம்மா பெயரில் ஞானஸ்நானம் எடுக்கலாமா என்று வசந்தமலர் மெல்லக் கேட்டார். இறந்துபோன உறவினர் பெயரில் ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுப்பது அவர்கள் வழக்கம். விதிப்படி மகளான அவருடைய சம்மதமே போதும். ஆனால் அக்கா உயிரோடு கிடைப்பார் என்ற நம்பிக்கையில் அத்தனை வருடமும் அதைச் செய்யாமல் இருந்தார்.

"செத்தவங்கள எப்புடித் தண்ணியில முக்குவீங்க?"

"அவங்க பேருல வேற ஆளு முங்குவாங்க. அவங்களுக்குப் புடிக்கலன்னா வேணாம்னு சொல்லிக்கலாம்."

மரகதம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துச் சொன்னார். "அப்பன் ஒத்துக்கும். அதுக்குப் புது எடம்னா ஆசை. அம்மா மாரியம்மாவ விட்டு வராது. அம்மா பேர விட்டுரு. என் பேரயும் எப்பவும் தொடாத."

அம்மாவின் பெயரைத்தான் வசந்தமலர் முதலில் எழுதி வைத்திருந்தார். ஆனாலும் "சரிக்கா" என்றார். சொன்ன சொல்லை இன்றுவரை மீறவில்லை.

"தாத்தாவுக்கு மேல யாரு பேருமே தெரியாதுக்கா" என்றார் பிறகு.

"தெரியாதா? ஆடிப் படையலப்ப அப்பன் வரிசையாக் கூப்புடுமே! நீ சின்னப்புள்ள. எனக்கு மறக்குமா?" மரகதம் விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல, தங்கை எழுதிக்கொண்டே போனார். காகிதத்தில் கிடைக்காதது அக்காவின் வாயில் இருந்தது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு சபையில் பேசும் முறை வசந்தமலருக்கு வந்தது. சபாரத்தினம் அன்று வானொலியை அணைத்துவிட்டு, மரகதத்துடன் முதல்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். வசந்தமலர் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். சின்னச்சாமி. கருப்பண்ணன். பெரியண்ணன். வீரமலை. நல்லதம்பி. முத்துவீரன். ஒவ்வொரு பெயராக, நிறுத்தி நிறுத்தி, மைக்கில் வாசித்தார்.

அந்தக் கூட்டத்தில் கைதட்டும் வழக்கம் இல்லை. மரகதத்துக்கு அது தெரியாது. கடைசிப் பெயர் முடிந்ததும் எழுந்து நின்று, வாயருகே கை வைத்து, கட்டடம் அதிர ஒரு குலவை போட்டார். ஒரு கணம் எல்லோரும் திகைத்தார்கள். பின்வரிசையிலிருந்து லோசா தன் ஊர் வழக்கப்படி நீட்டி ஒரு ஆரவாரம் எழுப்பினார். அவரைத் தொடர்ந்து சபையிலிருந்த டோங்கா தீவுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேடையிலிருந்த பிஷப் அடுத்த பாட்டை அறிவிக்க முடியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். வசந்தமலர் இறங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டார்.

மரகதம் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "சத்தம் பத்தலையோ, மாப்ள?"

"காணும் அக்கா, தாராளமாக் காணும்" என்றார் சபாரத்தினம், கைக்குட்டையைத் தேடிக்கொண்டே.