ஒரு நிமிஷம் அக்காவின் மத்தியானத் தூக்கம்

துண்டின் ஓரத்தை மேல்கட்டில் மெத்தைக்கு அடியில் செருகித் தொங்கவிட்டாயிற்று. இனி அதுதான் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தலையணை, ஒரு கைப்பை, பழைய சட்டையில் சுற்றிய இரண்டு வாழைப்பழம், ஓர் அக்கா. அந்தப் பக்கம் மலிவு விடுதியின் மற்ற அடுக்குக் கட்டில்களும் அவற்றில் காயும் ஈரத்துணிகளும் கதவோரம் குவிந்த செருப்புகளும். 'அப்பாடா' என்று காலை நீட்டுவதற்குள் மேல்கட்டிலிலிருந்து ஒரு பெண்ணின் தலை துண்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது.

"அக்கா, தூங்கிட்டீங்களா? ஒண்ணு கேக்கலாமா?"

"ஒரு நிமிஷம்மா" என்று ஆள்காட்டி விரலைத் தூக்குகிறாள். துண்டு மறைக்கிறது, விரல் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் தூக்குவாள்.

வாஷிங் மெஷினும் ஏசியும் விற்கிற கம்பெனியில் போனில் புகார் கேட்பது அவள் வேலை. மெஷினைச் செய்தவன் ஒருவன், விற்றவன் ஒருவன், வாங்கிக் கட்டிக்கொள்வது இவள். காதில் ஹெட்போனை மாட்டினால் ஷிப்ட் முடியும்வரை ஊரார் திட்டெல்லாம் அவளுக்குத்தான். "உங்க சிரமம் புரியுதுங்க. ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று விரலைத் தூக்கித் தூக்கிச் சொல்லியே 'ஒரு நிமிஷம் அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. போனில் இருக்கிறவருக்கு விரல் தெரியுமா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். "தெரியலேன்னா என்ன? விரலைத் தூக்கினாத்தான் எனக்குக் கோவம் அடங்குது" என்பாள்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? கணவருக்கு முழங்கால் வலி, நாத்தனாருக்கு மருமகள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் கணவர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவார். சரியாக அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் வரும். அவள் மருமகள் செய்த அநியாயங்களை ஒன்று விடாமல் கேட்டு முடிக்கும்போது பால்காரர் வந்துவிடுவார். மத்தியானத் தூக்கம் என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து அக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இத்தனை புகார் கேட்கிறவளுக்குப் புகார் சொல்ல மட்டும் வராது. டீயில் எறும்பு மிதந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பாள். அவள் வீட்டு வாஷிங் மெஷினே, அதுவும் சொந்தக் கம்பெனி மெஷின், தண்ணீரை வெளியே விடுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது. தினமும் குனிந்து மக்கில் மொண்டு ஊற்றுகிறாள். இடுப்பு விட்டுப்போகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நம்ம புள்ளைங்கதானே போனை எடுக்கும்? பாவம், அதுங்க ஏற்கெனவே திட்டு வாங்கிட்டு இருக்கும்" என்கிறாள். இதை நல்ல குணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிவிடுவாள். அதில் மட்டும் யார் பேச்சும் எடுபடாது. "அண்ணி, குடும்பப் பொம்பளை தனியா ஊர் சுத்தினா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று நாத்தனார் இழுத்ததற்கு, "பேசட்டும். கேக்கறதுதானே என் உத்தியோகம்?" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எப்போதும் மலிவு விடுதிகள்தான். குளியலறைக்கு வரிசை, விடியுமுன் யாரோ பிளாஸ்டிக் பையை நொறுநொறுவென்று கசக்கும் சத்தம், பொது அடுப்பில் இரண்டு முட்டையை வேகவைக்கக் காத்திருப்பு. இந்த வருஷம் மட்டும் கடைசி ஒரு நாளைக்குக் கடற்கரைச் சொகுசு விடுதி ஒன்றில் அறை பிடித்திருக்கிறாள்.

மேல்கட்டில் பெண்ணின் கதையைக் கேட்டு முடித்தபோது (அவன் மெசேஜைப் படித்துவிட்டானாம், பதில் போடவில்லையாம்) அக்காவுக்குக் கண் சொருகியது. "உங்க சிரமம் புரியுதும்மா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தன் ஆசையையும் சொன்னாள். "எனக்கு ஒரே ஒரு மத்தியானம் வேணும். ஜில்லுனு ஏசி போட்டுக்கிட்டு, யாரும் கூப்பிடாம, அசந்து ஒரு தூக்கம். அதுக்குத்தான் இப்படிக் கட்டில் கட்டிலா ஏறி இறங்கறேன்."

அந்த மத்தியானம் வந்தது. வரவேற்பில் பழரசம் கொடுத்தார்கள். "ஒருத்தர்தானா மேடம்?" என்றார்கள். "ஒருத்தர்தான்." அறையில் நாலு பேர் உருளலாம் போல ஒரு கட்டில். அதன்மேல் துண்டில் மடித்த இரண்டு அன்னப்பறவைகள். அவற்றைக் கலைக்க மனம் வராமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கடல். ஏசியைப் போட்டுப் படுத்து, கண்ணை மூடி, முதல் கொட்டாவியும் வந்தது.

டக்.

கன்னத்தில் ஒரு சொட்டு. ஏசி ஒழுகுகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டுமா அவளுக்கு? எழுந்து உட்கார்ந்து, தினமும் ஊராருக்குச் சொல்கிறதைத் தானே செய்தாள். சுவிட்சை அணைத்தாள், பொறுத்திருந்தாள், மறுபடி போட்டாள். அதனால் ஒன்றும் ஆகாது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அணைத்தே வைத்தால் அறை வெந்தது. கட்டிலை நகர்த்தலாமென்றால் அது தரையோடு பதிந்தது. கடைசியில் ஐஸ் வாளியைக் கொண்டுவந்து மெத்தை நடுவில் வைத்து, அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். டக். டக். தலைமாட்டில் போன் இருந்தது. அதைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். எடுப்பது ஏதாவது சின்னப் பெண்ணாக இருக்கும், பாவம். வெயில் மெல்லச் சாய ஆரம்பித்தது. நாளைக் காலை அறையைக் காலி செய்யவேண்டும்.

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. கணவர். "இந்த மெஷின்ல தண்ணி போகாம வீடெல்லாம் ஓடுது! வழுக்கி விழப் பாத்தேன். நீ என்ன பண்ணிட்டு இருந்தே இத்தனை நாளா?"

"மொண்டு ஊத்திட்டு இருந்தேன்."

"கம்பெனிக்குச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லுங்க. நம்பர் மெஷின் மேலேயே ஒட்டியிருக்கு." பேச்சை முடித்துக் கைப்பேசியை அணைத்துவிட்டாள். தான் செய்ததை அவளாலேயே நம்பமுடியவில்லை. பிறகு தலைமாட்டுப் போனை எடுத்தாள்.

"வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேணும் மேடம்?" சின்னப் பெண்தான். குரலில் ஒட்டவைத்த சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஒட்டவைக்க எவ்வளவு வலிக்கும் என்று அக்காவுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லம்மா..." என்று ஆரம்பித்துவிட்டாள். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "இல்ல, இருக்கு. ஏசி ஒழுகுது. மெத்தை நனையுது. எனக்கு வேற ரூம் வேணும்."

"சுவிட்சை அணைச்சு ஒரு தடவை..."

"எல்லாம் பண்ணியாச்சு. நான் தூங்கணும்மா. களைச்சுப் போயிருக்கேன்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. ஒட்டவைத்த சிரிப்பு இல்லை. "புரியுதுங்க அக்கா. மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன். ஒரு நிமிஷம் லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

போனில் இசை ஓடியது. அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளும் என்று அக்காவுக்கா தெரியாது? ரிசீவரைத் தலையணையில் காதோரம் வைத்து, காலை நீட்டினாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அது அடுத்தவர் பாடு. இப்படி ஒரு சுகத்தை அவள் அறிந்ததில்லை. வாளியில் சொட்டு விழுந்தபடியே இருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

இசை நின்றது. "அக்கா? ரூம் ரெடியா இருக்கு. லைன்ல இருக்கீங்களா? அக்கா?"

மெத்தைமேல் கிடந்த வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்லத் தூக்கிக்கொண்டது. கண் திறக்கவில்லை. விரல் கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு, மடங்கிப் படுத்தது.