காதுக்காரர் மாட்டிய விசிறி

இன்ஜினுக்குக் காய்ச்சல் வந்தால் காதுக்காரருக்குத்தான் முதலில் தெரியும் என்பார்கள் படகுத்துறையில். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "தண்ணி ஏறல. பாசி அடச்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் குழாய் வாயில் பாசி இருக்கும். நீர்ச்சறுக்குக்காரர்களை இழுத்துப்போகும் படகுகளுக்கு அவர் மெக்கானிக் ஆனதிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்தப் பேச்சுதான் மைத்துனன் பிழைப்புக்கு உலை வைத்தது.

மைத்துனன் அவர் மனைவியின் தம்பி. அக்கா வீட்டிலேயே இருந்துகொண்டு பச்சைப் படகை ஓட்டிவந்தான். சறுக்குப் பலகையைக் காலில் மாட்டி, கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில் குந்தியிருப்பவரைப் படகு ஒரே இழுப்பில் நிமிர்த்த வேண்டும். கொஞ்ச நாளாக அவன் இழுத்தால் ஆள் எழும்பவே இல்லை. ஒல்லியானவர்கள் எப்படியோ தப்பித்தார்கள். மாவு மில் முதலாளிதான் பாவம், அவரே ஒரு மாவு மூட்டை. மூக்கு வழியாகத் தண்ணீர் குடித்துவிட்டு, "நான் சறுக்க வந்தேனா, குளிக்க வந்தேனா?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

காதுக்காரர் பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். பிளக்குகள், வேகக் கம்பி, கயிறு கட்டும் கம்பத்தின் போல்ட்டுகள் எல்லாம் சரி. காதை வைத்துக் கேட்டார். குறையொன்றுமில்லை.

"இல்ல மாமா, மூச்சு முட்டுற மாதிரி திணறுது. முழுசாத் தள்ளினாலும் மீட்டர் முள்ளு பழைய இடத்துக்கு ஏறல" என்றான் மைத்துனன்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார் காதுக்காரர். துறையே சிரித்தது. மறுநாளே மேனேஜர் அவனை இறக்கி, மிதவைச் சட்டைகளைக் கழுவிக் காயப்போடும் வேலைக்கு அனுப்பினார். அவன் இருக்கையில் சுருட்டை என்ற புது ஓட்டுநர் ஏறினான். அவன் இழுத்தும் ஆள் எழும்பவில்லை. நாள் போனால் பழகிவிடும் என்று சுருட்டைக்கு மட்டும் தவணை கொடுத்தார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் காவல் படகின் ஓட்டுநர் வந்தார். யாரையும் இழுக்காமல் வேகமாகச் சுற்றிவருவது மட்டும்தான் அந்தச் சிவப்புப் படகின் வேலை. "என்ன அண்ணே, இன்ஜின் தொண்ட கிழியக் கத்துது, படகு நகர மாட்டேங்குது" என்றார்.

காதுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஒன்று கத்துகிறது, ஓடவில்லை. இன்னொன்று திணறுகிறது, இழுக்கவில்லை. இரண்டு படகிலும் தண்ணீருக்கடியில் சுழலும் விசிறிகளை நெளிவெடுக்க அவர் ஒரே நாளில் கழற்றியிருந்தார். தட்டையான இலை உள்ள விசிறி பாரம் இழுக்கும், வேகம் போகாது. சரிவு கூடிய இலை பறக்கும், நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுக்கச் சொன்னால் திணறும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். நடுக்குமிழில் பொடி எழுத்தில் எண் இருக்கும். அதைப் பார்த்து மாட்டுவது கற்றுக்குட்டிகள் வேலை என்பார் அவர். கையில் ஏந்திப் பார்த்தே மாட்டுவார்.

குனிந்து எண்ணைப் பார்த்தார். இன்ஜினில் குறையில்லை என்று காது சொன்னது நிஜம்தான். கைதான் மாற்றி மாட்டியிருந்தது.

அன்றிரவு மைத்துனன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டான். சோப்புத் தண்ணீரில் ஊறி அவன் விரல்கள் சுருங்கியிருந்தன. "அவனுக்கு நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுக்கக் கூடாதாங்க?" என்றாள் மனைவி. காதுக்காரர் வாய் வரை வந்ததைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார்.

காலையில் யாரும் வருமுன் விசிறிகளைச் சத்தமில்லாமல் மாற்றினார். படகு சரியானால் பிரச்சினையும் தானாகச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். நடந்தது வேறு. சுருட்டை ஒரே இழுப்பில் மில் முதலாளியை நிமிர்த்திவிட்டான்.

"பாத்தீங்களா, எதுக்கும் கை வேணும்" என்றார் மேனேஜர். சட்டைகளை உதறிக்கொண்டிருந்த மைத்துனன் காதில் அது விழுந்தது.

"சார், அது கையில்ல. விசிறியை மாத்தி மாட்டினது நான்" என்றார் காதுக்காரர்.

மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். "மச்சானுக்காகப் பழியத் தூக்கித் தலைல வச்சுக்கறீங்க. நல்ல மனசு உங்களுக்கு."

அந்தப் பாராட்டு செருப்படியைவிட உறைத்தது. காதுக்காரர் பச்சைப் படகைக் கரையேற்றி, எல்லோர் கண்ணெதிரிலும் சிவப்புப் படகிலிருந்து தவறான விசிறியைக் கழற்றிவந்து மறுபடி மாட்டினார். சுருட்டை முழு வேகம் தள்ளியும் மில் முதலாளி தண்ணீர்தான் குடித்தார்.

"உங்க குடும்ப வழக்குக்கு நான்தான் சாட்சியா?" என்றார் இருமிக்கொண்டே.

மேனேஜர் சுருட்டையை இறங்கச் சொன்னார். விசிறி திரும்ப மாறியதும், "ஏறு மாப்ளே" என்றார் காதுக்காரர்.

மைத்துனன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "எப்பத் தெரியும் மாமா உங்களுக்கு?"

"நேத்து மத்தியானம்."

"ராத்திரி பக்கத்துலதான உக்காந்து சாப்பிட்டேன்."

சொல்லிவிட்டு அவன் இருக்கையில் ஏறிப் படகைக் கிளப்பினான். மில் முதலாளி ஒரே இழுப்பில் எழுந்து, இரண்டு வளைவு சுற்றி, கரையைப் பார்த்துக் கையாட்டினார். துறை கைதட்டியது. காதுக்காரர் தவறான விசிறியை மடியில் வைத்து, எண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரவு மைத்துனன் சாப்பிட வந்தான். அக்காவிடம் வேலை திரும்பக் கிடைத்ததைச் சொன்னான். தட்டை எடுத்துக்கொண்டுபோய் எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்தான்.