வெள்ளையாகத் தெரிந்த இடம்

என் தம்பியின் வலது கால் எக்ஸ்ரே படங்கள் என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் எடுத்த நாளையும் கிழமையையும் எழுதி வைத்திருக்கிறேன். மணலியில் ஒரு ரசாயன ஆலையின் ஸ்டோரில் இருபது வருடம் குறிப்பெழுதிய கை இது. நாள் போடாமல் எதையும் வைக்காது. நான்காவதாக ஒரு படம் உண்டு. அது ஆஸ்பத்திரி ஃபைலிலேயே தங்கிவிட்டது. அதைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை. நடந்ததெல்லாம் அதனால்தான் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பி கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் லோடுமேன். வேகனிலிருந்து கோதுமை மூட்டையை முதுகில் வாங்கி லாரிக்குக் கொண்டுபோகும் வேலை. இரண்டாயிரத்து இரண்டு ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பின்னால் நகர்ந்து வந்த லாரிக்கும் பிளாட்பார விளிம்புக்கும் நடுவில் அவன் கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, புண் சீழ் பிடித்து, செத்துப்போன எலும்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். முதல் படம் அதற்குப் பிறகு எடுத்தது. மேலே எலும்பு, கீழே எலும்பு, நடுவில் மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்பு.

அந்தக் கறுப்பை நிரப்ப அக்டோபரில் ஒரு துண்டு வைத்தார்கள். அதே போன்ற இன்னொன்றை டாக்டர் என் கையில் கொடுத்துக் காட்டினார். வெள்ளையாக, ரஸ்க்கைப் போலப் பொத்தல் பொத்தலாக, எடையே இல்லாமல் இருந்தது. எலும்பில் உள்ள சுண்ணாம்புப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, பீங்கான்போலச் சுட்டு, அதோடு தோலிலும் எலும்பிலும் இருக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்துச் செய்தது. ஏதோ ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சோதனைக்காக வந்திருந்தது.

"கட்டடத்துக்குச் சாரம் கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. இந்தப் பொத்தலுக்குள்ள உங்க எலும்பு மெல்ல வளர்ந்து வரும்," என்றார் டாக்டர்.

"சாரத்த எப்போ சார் அவுப்பீங்கோ?" என்று கேட்டான் தம்பி.

"அவுக்க வேணாம். எலும்பு வளர வளர அதுவே கரைஞ்சிடும். ஆனா நான் சொல்ற வரைக்கும் காலை ஊனக் கூடாது."

உள்ளே ஒரு தகடும் வெளியே மாவுக்கட்டுமாக, மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் அவன் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இரண்டு அறை வீடு. ஒன்றை அவன் கால் எடுத்துக்கொண்டது. சோறு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். அவன் மனைவி பருக்கைகளைப் பொறுக்கி எடுத்து, அதே தட்டில் வேறு சோறு போட்டுக்கொண்டு வருவாள். என் மனைவி நவம்பரிலிருந்து அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். நான் மாலைகளில் நூலகத்தில் உட்கார்ந்து எலும்பு எப்படி வளர்கிறது என்று படித்தேன். அக்கறை என்று எல்லோரும் நினைத்தார்கள். வீட்டுக்கு நேரம் கழித்துப் போக அது ஒரு வழி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு சேர்ந்து மூட்டை தூக்கும் செட்டு ஆட்கள் பார்க்க வருவார்கள். துண்டின் கதையை நான்தான் அவர்களுக்கு விளக்கினேன். அன்றிலிருந்து அவன் பெயர் பீங்கான்.

"இன்னா பீங்கா, கால கழுவிக் கவுத்து வெச்சிகீறியா?"

"அதுல டீ ஊத்துனா ஒழுவுமா மாமு?"

தம்பியும் சேர்ந்து சிரிப்பான். அவர்கள் போன பிறகு மனைவியை ஏதாவது சொல்லி அழவைப்பான்.

டிசம்பர் கடைசியில் செட்டின் மேஸ்திரி வந்தார். உட்காரவில்லை.

"பொங்கல் தாண்டி வர்ற சனிக்கெயம நைனா. அன்னிக்கு வந்து மூட்ட தூக்கு. இல்லாங்காட்டி என் தங்கச்சி மவன் கீறான், அவன் நிப்பான். நானும் எத்தினி நாளு ஆளு கொறச்சலா ஓட்டிகினு கெடப்பேன்?"

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட நாள் படுத்துவிட்டுத் திரும்புகிறவன் முதல் மூட்டையைத் தனியாகத் தூக்கிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் நிற்பார்கள். வேகனிலிருந்து லாரிவரை நடுவில் இறக்கி வைக்காமல் போனால் செட்டில் இடம் உண்டு. இறக்கினால் இல்லை. அந்த இடம் போனால் என் வீட்டைத் தவிர அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பொங்கல் கழிந்த வியாழக்கிழமை புதுப் படம் எடுத்தார்கள். படத்தை எங்கள் கையில் கொடுத்து, டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் படத்தையும் இதையும் சன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்தேன். முதல் படத்தில் கறுப்பாக இருந்த மூன்று விரல் இடம் இப்போது தகட்டின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக நிறைந்திருந்தது.

"சேர்ந்துடுச்சுடா," என்றேன்.

"நெசமா அண்ணாத்த?"

"நீயே பாரு. எங்கயாவது கறுப்பு தெரியுதா?"

அவன் மனைவி வாசல் பக்கம் நின்றிருந்தாள். "டாக்டரு செவ்வாக்கெயம பாத்து சொல்றேன்னாரே மாமா?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் மேஸ்திரி இடம் வச்சிருப்பாராம்மா?"

"படிச்ச மன்சன் சொல்றாரு, நீ இன்னாத்துக்கு நடுவுல?" என்று தம்பி அவளை அதட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மாலை மாவுக்கட்டைத் தகரம் வெட்டும் கத்தரியால் நான்தான் வெட்டினேன். உள்ளே கால் கைத்தடி பருமனுக்கு இளைத்திருந்தது. அதைப் பார்த்த பிறகும் மீதிக் கட்டையும் உரித்து எடுத்தேன்.

சனிக்கிழமை காலை செட்டு முழுவதும் இரண்டு வரிசையாக நின்றது. இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி அவன் முதுகில் வைத்தார்கள்.

"பார்த்துடா பீங்கா, கீறல் உயுந்துரப் போவுது!"

"வாரண்டி கார்டு எத்தாந்தியா?"

அவன் நடந்தான். ஏழு அடி. லாரிப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு எட்டாவது அடியை எடுத்து வைத்தான். காய்ந்த ரொட்டியை மிதித்தது போல ஒரு சத்தம் கேட்டது. அவன் விழுந்தான், மூட்டை அவன்மேல் விழுந்தது. சிரிப்பு உடனே நிற்கவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தார்கள்.

"மூட்ட கியிஞ்சிகீதா பாருங்கடா," என்றார் மேஸ்திரி. ஆட்டோ வருவதற்குள் அவருடைய தங்கை மகன் அதே மூட்டையை முதுகில் ஏற்றி, அவனைச் சுற்றிக்கொண்டு லாரிக்கு எடுத்துப் போனான்.

திங்கட்கிழமை டாக்டர் ஃபைலிலிருந்து அந்த நான்காவது படத்தை எடுத்து, விழுந்த அன்று எடுத்த படத்துக்குப் பக்கத்தில் விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஆபரேஷனுக்கு மறுநாள் எடுத்தது. அதிலும் அந்த இடம் வெள்ளைதான்.

"எக்ஸ்ரேல அந்தத் துண்டே வெள்ளையாத்தான் தெரியும். வச்ச அன்னிக்கே வெள்ளை. இதுல எலும்பு எவ்வளவு, துண்டு எவ்வளவுன்னு பார்க்கத்தானே செவ்வாய்க்கிழமை வரச் சொன்னது? கட்டை யார் எடுத்தது?"

நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. காலைத் திறந்து, உடைந்த துண்டின் துகள்களை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். இரண்டு முனைகளிலும் பொத்தல்களுக்குள் இளஞ்சிவப்பாக எலும்பு ஏறியிருந்தது. நடுவில் பொத்தல்கள் காலி. "நல்லாத்தான் வளர்ந்துகிட்டு வந்தது," என்றார்.

வார்டுக்கு வந்து தம்பியிடம் இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். தகடு வளைந்து, பழைய சீழ் திரும்பியிருந்தது. அதைச் சுத்தம் செய்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு வருடமாவது ஆகும், உறுதி சொல்ல முடியாது. இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தலாம். சில மாதங்களில் நடப்பான்.

தம்பி மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க மாமா. ஒரு வருசம் நம்ம வூட்ல இருந்து பாக்கலாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாதான் கேப்பாரு."

தம்பியும் என்னைப் பார்த்தான். கேலி இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே நான் சொல்லப் போவதைக் கேட்கக் காத்திருந்தான். மூன்று மாதம் படித்ததில் ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும்: வளர்ந்த எலும்பு இன்னொரு தடவையும் வளரலாம். வாய் திறந்து 'இருடா' என்ற ஒரு சொல் சொன்னால் போதும்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். நர்ஸ் வந்து கட்டில் சட்டத்தில் மாட்டியிருந்த அட்டையில் ஏதோ எழுதிவிட்டுப் போனாள். நான் வாய் திறக்கவில்லை.

"சரி அண்ணாத்த, புரிஞ்சிச்சு," என்றான் தம்பி. டாக்டர் பக்கம் திரும்பினான். "எட்த்துருங்க சார்."

பிப்ரவரி முதல் வாரம், புதன்கிழமை, எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வியாசர்பாடியில் ஏற்கெனவே நெரிசலாக இருந்த மாமியாரின் ஒற்றை அறை வீட்டுக்குப் போனான். என் வீட்டில் அந்த அறை காலியானது. மறுநாளே என் மனைவி அதைக் கழுவிவிட்டாள்.