நின்ற பெல்ட்டின் சத்தம்

என் மேசை இழுப்பறையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கருப்பு ஸ்பாஞ்சு உருண்டை கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சத்தம் அளக்கும் மீட்டரின் மைக்கில் காற்று மோதாமலிருக்க மாட்டுகிற உறை அது. அந்த மைக்குக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று. அதன் பின்னால் அசையாத இன்னொரு தகடு. சத்தம் பட்டால் முன்தகடு அதிரும், இடைவெளி கூடிக் குறையும், அதற்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். அதைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்டரின் நிலக்கரி உடைக்கும் ஷெட்டில் சத்தத்தை அளக்க, சோதனைக்கூடத்திலிருந்து போயிருந்தேன். அங்கே ஃபிட்டராக இருந்த, எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவருக்குப் பாதிக் காது போய்விட்டிருந்தது. மீதியாவது தப்பட்டும், சத்தமில்லாத ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றுங்கள் என்று மனு கொடுத்திருந்தார்; அதற்காகத்தான் இந்த அளவு. அந்த ஷெட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை. இரண்டு கையாலும் காற்றில் டீ ஆற்றிக் காட்டினால் டீ நேரம். டீக்கு, நிலக்கரி ஓடும் பெல்ட்டும் உடைக்கும் மெஷினும் நின்றதும் மேனேஜர், “இப்பவே எடுத்துடுங்க மேடம், தூசி இருக்காது” என்றார். தூசி மைக்குக்கு ஆகாது என்பது உண்மைதான். என்ன வசதியான உண்மை! அளந்தேன்.

அண்ணன் டம்ளரோடு ஓடிவந்தார். “இன்னா மேடம் இது, பெல்ட்ட நிறுத்திகினு அளந்தா இன்னா சத்தம் வரும்? ஓட வுட்டுப் பாருங்க!”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சத்தம் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதே பெல்ட்டின் பக்கத்தில் அவர் இன்னும் மூன்று வருடம் வேலை பார்த்தார். ச்சே, அந்த மேனேஜரைத் திட்டித் திட்டியே எத்தனை நாள் என்னைத் தப்பவிட்டிருக்கிறேன்!

போன மாதம் முத்தாண்டிக்குப்பத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு பல்பு மின்னியது. “தட்னா அவருக்கு லைட்டு எரியுங்க. பொம்மையில இருந்த வில்லைய எடுத்து அவரே ஒயர் இழுத்தாரு” என்றார் அவர் மனைவி. கதவின் பின்புறம் காசு அளவில் ஒரு பித்தளை வில்லை. அதிர்வு பட்டால் அதுவும் மின்னழுத்தம் தரும். உடைந்த பொம்மையின் வில்லை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது; படித்த நான் செய்யவில்லை.

பெல்ட் நின்றபோதுதான் அளந்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை நீட்டினேன். படித்தார். மீதிக் காதும் போயிருந்ததால் தன் குரலின் அளவு தெரியாமல், “இத அன்னிக்கே எழுதறதுக்கு இன்னா மேடம்?” என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

இழுப்பறையைத் திறந்து இந்த உருண்டையைப் பார்த்தால் அந்தக் கத்தல் காதில் விழுகிறது. விழட்டும்.