ஏரி மதகும் என் தோள்வலியும்

மூச்சுப் பிடிப்பதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த அந்தக் காலத்தில் பாகூர் ஏரியில் நான் முங்கினால், கரையில் நிற்பவர் வெற்றிலை மடித்து வாயில் போட்டு மென்று முடித்த பிறகுதான் என் தலை வெளியே வரும். அதனால்தான் அந்தத் தை மாதம் மதகு பழுதானபோது ஊரே என் வாசலில் வந்து நின்றது.

மதகின் அடியில் தண்ணீர் போகும் துளையை அடைக்கும் மரக்கட்டை உடைந்துவிட்டது. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நவரைப் பட்டத்து நெல்லுக்கு நாற்று விட்டிருந்தோம். இன்னும் நாலைந்து நாள் இப்படியே போனால் ஏரி காலி, நாற்று அத்தனையும் மாட்டுக்குத்தான். இரண்டு ஆள் ஆழம் முங்கி, கயிறாக முறுக்கிய வைக்கோல் பிரியையும் களிமண்ணையும் அந்தத் துளையில் திணிக்க வேண்டும். கை தவறினால் ஓடுகிற தண்ணீர் ஆளையே உள்ளே இழுக்கும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிணறோ மதகோ, இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் இல்லையா! என் மச்சான் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுருட்டு குடிப்பவர், எதற்கெடுத்தாலும் பதறுகிறவர். இடுப்பில் கட்டினால் கல்தூணில் சிக்கும் என்று என் வலது மணிக்கட்டில் கயிற்றைக் கட்டினார்.

"கயித்த ஆட்டு மாப்ளே, ஒடனே தூக்கிடறேன்."

"ஆட்டினாத்தான் தூக்கணும் மச்சான். தெரிதா?"

"தெரிது தெரிது, நீ எறங்கு."

எங்கே! அன்றைக்கு முப்பது தடவையாவது முங்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நான் ஆட்டுவதற்கு முன்னாலேயே கயிறு வெடுக்கென்று இழுக்கும். கையிலிருந்த களிமண் கரைந்து போகும். மேலே வந்து கத்துவேன். "இன்னா மச்சான், இப்பத்தான கைய வச்சேன்!" அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "பயமாக்கீதுப்பா" என்பார். பொழுது சாய்வதற்குள் பாதித் துளைதான் அடைபட்டது.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன். வாய்க்குத் தூக்க முடியவில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, மூட்டுக்கு மூட்டு உயிர் போகிறது. சைகோன் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் உச்சுக்கொட்டினார்.

"கடல்ல முங்கற ஆளுங்களுக்கு வர்ற நோவு இதுதான்பா. அடியிலேர்ந்து வெரசா மேல வந்தா ரத்தத்துல காத்து நொரைச்சிக்கும், சோடா புட்டி தொறந்தாப்ல. அது மூட்டுல போய்க் குந்திக்கும். அப்பால கை கால் வௌங்காம பூடும்."

என் மனைவி ஓவென்று அழுதாள். கை போனால் ஏர் பிடிப்பது யார்? மதகை அடைப்பது யார்? "வைத்தியம் இன்னா?" என்று மச்சான் அலறினார்.

"மறுபடியும் தண்ணிக்குள்ள எறக்கி, மெள்ள மெள்ள தூக்குவாங்கோ. காத்து தானா அடங்கிடும்."

இது போதாதா எங்களுக்கு! விடிந்ததும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக் கிணற்றுக்கு ஓடினோம். சால் கட்டும் கயிற்றில் என்னைக் கட்டி இறக்கினார்கள். மெதுவாகத் தூக்க மாடுகளை மெதுவாக நடத்த வேண்டும். ஆனால் அந்த மாடுகளுக்குத் தெரிந்தது ஒரே நடைதான். கயிறு கனத்ததும் சரிவில் தடதடவென்று இறங்கின. தண்ணீர்ச் சால் மாதிரி நான் விருட்டென்று மேலே வந்து, தொட்டிக் கல்லில் அதே தோளை இடித்துக்கொண்டேன். மச்சான் மாட்டுக்காரனைத் திட்ட, அவன் மாட்டைத் திட்ட, நான் கப்பல்காரரின் பரம்பரையையே திட்டினேன்.

அதற்கப்புறம்தான் புத்தி வந்து வண்டி கட்டினோம். வழியில் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில், கடத்தல் சரக்கு இருக்கிறதா என்று வண்டியிலிருந்த வைக்கோலைக் குத்திப் பார்த்துவிட்டு விட்டார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டர் ஒருவர் இருந்தார். நான் நுரை, காற்று, சோடா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"கீழே போய் மூச்சு விட்டியா?"

"கீழ எப்பிடி டாக்டர் முசே மூச்சு உடறது? புடிச்சிக்கினுதான் போனேன்."

"அந்த நோய் நிஜம்தான். ஆனா அது தலையில செம்புக் கூண்டு மாட்டிக்கிட்டு, குழாய் வழியா காத்தை இழுத்துக்கிட்டு, ஆழத்துல ரொம்ப நேரம் வேலை செய்றவனுக்கு. நீ மேல இழுத்த ஒரு வாய்க் காத்தோட போயி, அதே காத்தோட திரும்பி வர்றே. ரெண்டாள் ஆழத்துல அது உனக்கு வராது. வலி எந்தக் கையில?"

"சோத்துக் கை மட்டும்."

"காத்துக்குச் சோத்துக் கை, பீச்சாங்கைன்னு தெரியுமா?" மணிக்கட்டைத் திருப்பினார். கயிறு பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. "யார் இழுத்தது?"

நான் மச்சானைப் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். மச்சான் சுவரைப் பார்த்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் டாக்டர் காலிலேயே விழப் போனேன். கை ஒரு வாரம் ஆடக்கூடாது என்றார். ஏரி காத்திருக்காதே என்று சண்டை போட்டேன். கடைசியில், கயிறு இடுப்பில், வேலை இடது கையில் என்று ஒத்துக்கொண்டு, வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். வெளியே வந்ததும் மச்சானைப் பிடித்தேன். "நான் ஆட்டாம நீ இழுத்தே, ஒன் தங்கச்சிய ஒன் வூட்டுக்கே அனுப்பிடுவேன்." அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மறுநாள் ஊரே கரையில் நின்றது. முங்கினேன். கயிறு இழுக்கவில்லை! அடேயப்பா, வேலை செய்ய எவ்வளவு நேரம் கிடைத்தது! நாலு தடவையில் முக்கால் துளை அடைபட்டது. ஐந்தாம் தடவை பிரியைத் திணித்துக் காலாலேயே மிதித்தேன். காதில் இரைந்துகொண்டிருந்த தண்ணீர் சட்டென்று அடங்கியது. தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு போகவில்லை. கயிற்றை ஆட்டக்கூட மறந்து, நானே உதைத்துக்கொண்டு மேலே வந்து, "அடைஞ்சிட்சிடா!" என்று கூவினேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மச்சானைச் சூழ்ந்து நின்று உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முகம் கறுத்து, கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மூச்ச வுடுய்யா, அவன் வந்துட்டான்!" என்று கப்பல்காரர் முதுகில் அறைந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார். "நீ முங்கறப்பல்லாம் இவரும் கூடவே மூச்சப் புடிச்சிக்கினு கீறார்பா! இவருக்கு முட்டினா ஒனக்கும் முட்டும்னுதான் அன்னிக்கெல்லாம் இழுத்திருக்கார்!"

மச்சான் புஸ்ஸென்று காற்றை விட்டார். இருமினார். என் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"நீ ஆட்டவே இல்லியே மாப்ளே. நான் இழுக்கல, பாத்தியா?"

சொல்லிவிட்டு என் வலது தோளில் அப்படியே சாய்ந்து அழுதார். உயிர் போகிற மாதிரி வலித்தது. நான் தோளை எடுக்கவில்லை.