சொல்லாத பல்லிக்கு ஆன செலவு

மனைவி காலமான பிறகு லண்டன் பிளேஸ்டோ வீட்டில் நான் சொல்வதற்கு மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லை. பெற்றோல் செட்டில் கல்லாவுக்குப் பின்னால் நின்று நாள் முழுக்கக் கதைக்கிறவன் நான். ஷிப்ட் முடிந்து வந்து, "தேத்தண்ணி போடுவம், என்ன?" என்று கேட்டால் கேட்டதோடு சரி. ஒரு பல்லி வாங்கினால் என்ன என்று அப்படி ஒரு நாள்தான் தோன்றியது. எங்கள் ஆட்களுக்குத் தெரியும்: நாம் ஒன்று சொல்லும்போது சுவரிலிருந்து பல்லி "ச்ச்ச்" என்றால், "கேட்டியளே, பல்லியும் சொல்லுது" என்று விரலால் மூன்று தரம் தட்டுவோம். அவ்வளவு பேச்சுத்துணை எனக்குப் போதும்.

வளர்ப்புப் பிராணிக் கடையில் கண்ணாடிக்குள் இருந்த புள்ளிப் பல்லியைக் காட்டினேன். ஐம்பது பவுண், பல்லிக்கு மட்டும். கண்ணாடிப் பெட்டி, அதற்கு அடியில் விரிக்கிற சூட்டுத் தட்டு, சுண்ணாம்புச்சத்துத் தூள், உயிரோடு நெளிகிற புழு ஒரு டப்பா என்று எல்லாம் சேர இருநூறைத் தாண்டிவிட்டது. காசு கட்டி முடிந்த பிறகு கடைப்பிள்ளை சிரித்த முகத்தோடு சொன்னாள்: "இதுகள் சத்தமே போடாது. அதனால்தான் எல்லாருக்கும் பிடிக்கும்."

திருப்பிக் கொடுத்திருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள், வெட்கமாக இருந்தது.

செட்டில் என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, ஊரிலை தும்புத்தடியாலை அடிச்சுக் கலைச்ச சாமானுக்கு இஞ்சை சூடு போட்ட வீடெல்லே குடுத்து வைச்சிருக்கிறியள்!"

"அது சுவரிலையும் ஏறாதாம்," என்றேன்.

"ஏறாது, சொல்லாது. பிறகென்னத்துக்கு அண்ணை அது பல்லி?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் அது கண் சிமிட்டும். ஊர்ப்பல்லி சிமிட்டாது. நான் கதைக்கும்போது தலையைத் தூக்கி, ஆறுதலாக ஒருதரம் சிமிட்டும். செட்டுக்கு வந்துபோன ஆட்கள் சொன்னதையெல்லாம் அதற்குச் சொல்லுவேன். சிகரெட் வாங்க வருகிற கிழவர் ஒருவர், "இண்டைக்கும் சாகேல்லை" என்பதையே குட்மோர்னிங்காகச் சொல்லுவார். அதைச் சொன்னபோதும் சிமிட்டியது.

குளிர் தொடங்கியதும் கரண்ட் பில் ஏறியது. நான் கம்பளி ஜம்பருக்கு மேல் ஜம்பர் போட்டுச் சமாளிக்கிறேன், நீயும் கொஞ்சம் சமாளி என்று, வேலைக்குப் போகும்போது சூட்டுத் தட்டை நிறுத்திவிட்டுப் போனேன். சில கிழமையில் பல்லி சாப்பாட்டை விட்டது. கொழுத்திருந்த வால் ஈர்க்குப் போல ஆகிவிட்டது.

மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினேன். பார்க்கவே எண்பது பவுண். அந்தப் பெண் டொக்டர் ஏசவில்லை. "தன் உடம்புக்குச் சூடு உண்டாக்க இதனால் ஏலாது," என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம். மருந்து பத்து நாளைக்கு, காலையும் மாலையும், நேரம் தவறாமல் வாயில் ஒரு துளி. "நீங்கள் வேலைக்குப் போனால் கொடுக்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

கவுன்சில் படிவங்களில் இந்தக் கேள்வி வரும்போது ஒரு கோடு இழுத்துவிடுவேன். வாயால் சொன்னதில்லை.

"ஒருவரும் இல்லை," என்றேன், பெட்டியைப் பார்த்தபடி.

மாலை ஷிப்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன். மாலையில்தான் செட்டுக்கு ஆட்கள் கூட வருவார்கள், கதையும் கூட. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்து, மருந்தில் ஒரு துளி விட்டு, புழுவை இடுக்கியில் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். "ஒரு வாய், ராசா." முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏழாம் நாளும் அப்படி, எட்டாம் நாளும் அப்படி. சூட்டுத் தட்டு இப்போது ஒரு நிமிடமும் நிற்பதில்லை. வீட்டு ஹீட்டரைத்தான் நிறுத்தியிருந்தேன்.

ஒன்பதாம் நாள், கை களைத்து இடுக்கி ஆடத் தொடங்கின நேரம், டக்கென்று கவ்வியது. விழுங்கியது. அடுத்ததையும் கேட்பதுபோலப் பார்த்தது.

யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. லண்டனின் மற்றப் பக்கம், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற மகனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. செட்டுக்கு அடித்தேன்.

"சாப்பிட்டுட்டுது!"

"ஆர் அண்ணை?"

"பல்லி."

கார்ட் வேலை செய்யவில்லை என்று யாரோ அவரிடம் கத்துவது கேட்டது.

"அப்பாடா," என்றார் தம்பி. "நீங்கள் சாப்பிட்டியளோ?"

அன்று முழுக்க நான் அடுப்படிப் பக்கம் போகவேயில்லை. "ஓம்," என்றேன். போனை வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்ததும், "என்ன கறி எண்டு கேளுமன்," என்றேன்.