பின் சீட்டில் அவர் ஏறினால் மட்டும்

நம்பாதவர்கள் ராமநாதபுரம் கேணிக்கரைக்கு வந்து கூத்தையா பட்டறை எது என்று கேளுங்கள். என் வலது கை ஆள்காட்டி விரலைக் காட்டுகிறேன். அதில் சூடு உறைப்பதே இல்லை. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் தொட்டாலும் தெரியாது. டாக்டர்கள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். அந்த விரல் அப்படி ஆனது ஒரு காரைப் பழுது பார்த்தபோதுதான்.

நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. கிளட்ச்சில் காலை வைத்தபடியே வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு உடம்பு நடுங்கும்.

1999 ஐப்பசி மாதம். பாம்பனிலிருந்து ஹாஜா முகைதீன் பாய் வந்தார். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். யாரோ ஓட்டிய பழைய டீசல் கார் ஒன்றை வாங்கியிருந்தார்.

"பிக்கப்பே இல்லண்ணே. ஆக்சிலேட்டர மிதிச்சா உடனே இழுக்க மாட்டேங்குது. யோசிச்சு யோசிச்சுப் போகுது."

டீசல் ஃபில்டரை மாற்றினேன். ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டேன். ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்துக் கட்டினேன். டிரையல் பார்க்கும்போது வண்டிக்காரரை ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து நொய் நொய் என்பார்கள். தனியாகத்தான் ஓட்டினேன். வண்டி பறந்தது.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதே புகார். டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிச் சோதித்தேன். தனியாக ஓட்டினேன். பறந்தது. மூன்றாம் தடவை வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எல்லா நேரமும் இல்லண்ணே. எங்க வீட்டுக்காரி பின்னாடி ஏறுனா மட்டும்."

"அப்ப தங்கச்சிக்குச் சோத்தக் கொறைங்க பாய்."

அவர் சிரிக்கவில்லை. மனைவி உம்மு ஹபீபாவுக்கு ஒன்பதாம் மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது. வலி வந்தால் உடனே ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வாங்க, தங்கச்சிய வச்சே ஓட்டிப் பாப்போம்" என்று அவருடன் பாம்பனுக்குக் கிளம்பினேன்.

நாங்கள் போய் இறங்கியபோது அந்தப் பெண்ணுக்கு வலி கண்டிருந்தது.

மாலை ஐந்து ஐம்பது. நான் ஓட்டினேன். பாய் என் பக்கத்தில். உம்மு ஹபீபா பின் சீட்டில் தனியாக. ராமநாதபுரத்தில் இருந்த அவருடைய உம்மாவை ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லிவிட்டோம்.

மிதித்தேன். வண்டி சும்மா இருந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... அப்புறம்தான் இழுத்தது. பாய் சொன்னது பொய்யில்லை.

பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி அடியோடு நின்றுவிட்டது. இறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். பிரேக் பிடித்திருந்தால் சுட வேண்டும். எதுவும் சுடவில்லை. பானெட்டைத் திறந்தேன். பாயை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்கச் சொன்னேன். கேபிள் விறைத்து நின்றது. ஆனால் டீசல் பம்ப்பில் இருக்கிற லீவர் அசையவில்லை.

கேபிளைக் கழற்றினேன். லீவரை ஆள்காட்டி விரலால் தள்ளினேன்.

அது திருப்பித் தள்ளியது.

துருப்பிடித்தால் ஒரே இடத்தில் இறுகி நிற்கும். இது அப்படி இல்லை. நான் மெல்லத் தள்ளினால் மெல்ல எதிர்த்தது. பலமாகத் தள்ளினால் பலமாக எதிர்த்தது. அந்தப் பக்கம் இன்னொரு விரல் இருப்பது போல...

இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. என் விரல் நுனி மட்டும் ஐஸாகக் குளிர்ந்தது.

பின் சீட்டிலிருந்து குரல் கேட்டது.

"மெல்ல... மெல்லப் போங்க..."

"வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருக்கு தங்கச்சி" என்றேன்.

உம்மு ஹபீபா துப்பட்டியைக் கடித்திருந்த வாயைத் திறந்தார். "நான் பேசலண்ணே."

கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"இங்கிட்டு நகந்து, சாஞ்சு உக்காரும்மா."

"எடம் இல்லண்ணே..."

எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் சீட் அமுங்கியிருந்தது. ஆள் உட்கார்ந்தது போல.

பாய் ஓத ஆரம்பித்தார். பயந்து ஓடலாம். ஓடினால் அந்தப் பெண் செத்துப்போவாள்.

கேபிளை மாட்டினேன். பாயை நகரச் சொல்லி வண்டியில் ஏறினேன். திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

"தாயி... மெதுவாவே போறேன். சத்தியமா வேகம் எடுக்க மாட்டேன். ஆனா போகணும். பிள்ள பொழைக்கணும். விடு."

மிதித்தேன்.

ஒன்று...

இரண்டு...

வண்டி நகர்ந்தது.

வழியில் ஒரு தடவை அவசரத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டேன். உடனே வேகம் இறங்கியது. என் பிடரியில் ஈரக் காற்று பட்டது. கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டிருந்தோம்.

ஆஸ்பத்திரி வந்தபோது ஏழரை. உடனே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பின. நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

மறுநாள் அந்தக் காரை விற்றுக்கொடுத்த புரோக்கர் சீனி முகம்மதுவின் சட்டையைப் பிடித்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தான். அதன் பழைய சொந்தக்காரர் தொண்டிப் பக்கம். நிறைமாத மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பதற்றத்தில் கண்மண் தெரியாமல் ஓட்டி, பனை மரத்தில் மோதிவிட்டார். பின் சீட்டில் இருந்த அந்தப் பெண்ணும் வயிற்றுப் பிள்ளையும் அங்கேயே முடிந்துவிட்டார்கள். வழியெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாளாம். மெல்லப் போங்க, மெல்லப் போங்க என்று.

பாய் அந்தக் காரை உடைப்புக்குப் போட்டுவிட்டார். துண்டு துண்டாக அறுத்ததை நான் நின்று பார்த்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து, போன மாதம் பாய் பட்டறைக்கு வந்தார். ஷோரூமிலிருந்து எடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத புது வேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"பிக்கப் இல்லண்ணே."

எப்போது என்று கேட்டேன்.

"எம் மக காலிதா பின்னாடி ஏறுனா மட்டும்."

வேனைப் பார்த்தேன். அன்றைக்குப் பிறந்த அந்தச் சிறுமி பின் சீட்டில், கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

நான் பானெட்டைத் திறக்கவில்லை.